தரைக்கு அடியில் இரண்டரை மணி நேரம்

"வா... ள்... வாளி... ளி..."

முதலில் குரல்தான் வந்தது. கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் தெறித்த மாதிரி ஒரு சடசடப்பு, நடுவில் அரைச் சொல், மறுபடி சடசடப்பு, மறுபடி மீதிச் சொல். ஹெட்செட்டுக்குள் சேஃபா தவணை முறையில் என்னைத் திட்டிக்கொண்டிருந்தான். திரையில் எங்கள் கப்பல் உறைந்து நின்றது. அலை நின்றது. மேலே பறந்த கடற்காகம் அந்தரத்தில் நின்றது. எல்லாம் மறுபடி அசைந்தபோது கப்பலைக் காணோம். நாங்கள் கடலுக்கு அடியில் இருந்தோம்.

"மூழ்கியாச்சு," என்றான் டங்கன். "ரஸ்ஸல், நீ ஒரு வாளி தண்ணிகூட இறைக்கலை."

"இறைச்சேன்டா! நாலு வாளி இறைச்சேன்!"

"உன் ரூம்ல இறைச்சிருப்பே. கப்பலுக்கு வந்து சேரலை."

இதை நான் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நாங்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் இரவு வேலை. நான் ராக்ஹாம்ப்டனில் ரொட்டி ஆலையில், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை, ரொட்டி அறுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறேன். சேஃபா டவுன்ஸ்வில்லில் ஓர் ஆஸ்பத்திரியின் இரவுக் காவலாளி. டங்கன் முன்பு எனக்குப் பக்கத்து இயந்திரம். ஐந்து வருஷத்துக்கு முன் டார்வினுக்குப் போய்விட்டான், அங்கே சுரங்க ஆட்களுக்கு விடிவதற்குள் ரொட்டி சுட்டுப் போடுகிறான். சனிக்கிழமை பிற்பகல், ஊரெல்லாம் கடற்கரைக்குப் போகும் நேரத்தில், நாங்கள் மூன்று பேரும் கணினியில் ஒரே கப்பலில் ஏறுவோம். ஒருவன் சுக்கான். ஒருவன் பீரங்கி. ஒருவன் வாளி, ஓட்டை வழியாக உள்ளே வரும் தண்ணீரை இறைத்துக் கொட்டுவது அவன் வேலை.

யாருக்கு எது என்பதற்கு ஒரு விதி உண்டு. ஆட்டம் தொடங்குமுன் அவரவர் திரையில் மூலையில் தெரியும் பிங் எண்ணைப் படிக்க வேண்டும். நாம் விசையை அமுக்கியது எதிர்முனைக்குப் போய்த் திரும்பிவர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் அந்த எண். சின்ன எண் என்றால் வேகமான இணைப்பு. பெரிய எண் என்றால் நீங்கள் சுட்ட குண்டு வெடிப்பதற்குள் எதிரி சாப்பிட்டுக் கை கழுவிவிடுவான். எவன் எண் சின்னதோ அவனுக்குச் சுக்கான். எவன் எண் பெரியதோ அவனுக்கு வாளி.

இந்த விதியைப் போட்டது நான்தான். அப்போது என் எண் இருபத்திரண்டு.

கடந்த ஆறு வாரமாக இருநூற்று நாற்பது. ஆறு வாரமாக வாளி.

"ரஸ்ஸல்," என்றான் சேஃபா. குரலில் ஆஸ்பத்திரிக் காவலாளியின் கனிவு வந்திருந்தது. ஆளை வெளியே அனுப்பும் முன் அவர்களுக்கு வரும் கனிவு. "இன்னிக்கு மூணு மணிக்கு இறுதி ஆட்டம். எதிரணி இன்வர்கார்கில் மீன் ஆலைக்காரங்க, சும்மா விட மாட்டாங்க. மூணுக்குள்ள உன் நம்பரை நூறுக்குக் கீழே கொண்டு வா. வரலைன்னா..."

"வரலைன்னா?"

"பெனி வருவான். என் பொண்டாட்டியோட சித்தப்பா பையன். அவனோட நம்பர் பதினொண்ணு."

"இன்னிக்கு மட்டுமா?"

சடசடப்பு மட்டும் வந்தது. இணைப்புக் கோளாறா, சேஃபாவே வாயை மூடிக்கொண்டானா என்று தெரியவில்லை.

மணி ஒன்றரை. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரொட்டி ஆலையில் பேச முடியாது, காதில் பஞ்சு. காலையில் வீடு வந்தால் நரேல் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். அவள் வரும்போது நான் தூக்கம். எங்கள் இல்லறம் பெரும்பாலும் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய சீட்டுகளில்தான் நடக்கிறது. வாரத்தில் வெளிச்சம் இருக்கும்போது என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் ஆட்கள் என்று பார்த்தால் அந்த இரண்டு பேர்தான். பெனி வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான். நானாக இருந்தால் எழுந்திருக்க மாட்டேன்.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்தேன். இன்றைக்கு இந்தக் கோளாறு இருக்க வேண்டும், அல்லது நான் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே நான் சும்மா இருந்ததாக நினைக்க வேண்டாம். மோடத்தைப் பதினொரு தடவை அணைத்துப் போட்டேன். உதவி எண்ணில் ஒரு பெண் பன்னிரண்டாவது தடவை அணைத்துப் போடச் சொன்னாள், போட்டேன். மின்சாரச் சாமான் எல்லாம் அலையைக் கெடுக்கும் என்று டங்கன் சொன்னதால் குளிர்பெட்டியைப் பிடுங்கிப் பார்த்தேன். எண் மாறவில்லை. நரேலின் ஐஸ்கிரீம் மாறியது. புத்தகமும் படமும் பார்த்து நானாகவே கற்றுக்கொண்டவன் நான். கற்றுக்கொடுத்தவர் யாரும் இல்லாததால் தப்பு என்று சொல்லவும் யாரும் இல்லை.

இப்போது கையில் புது ஆயுதம். சிக்னலைப் பிடித்து மறுபடி பரப்பும் ஒரு சின்னப் பெட்டி. மோடம் இருப்பது நடையில். என் கணினி பின்னறையில். நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். அந்தச் சுவர் எதனாலோ ஆறு வாரமாக சிக்னலை விடவில்லை. சுவர் விடவில்லை என்றால் தரை வழியாகப் போவோம். எங்கள் ஊர் வீடுகள் கட்டைக் கால்களில் நிற்கும். எங்கள் வீட்டுக்கு இருபத்து நான்கு கால்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு அடியில் புகுந்து, ஒவ்வொரு காலாகக் கட்டிப் பார்க்க வேண்டும். எந்தக் காலில் கட்டினால் எண் இறங்குகிறதோ அந்தக் கால். அருமையான திட்டம். ஒரே குறை: நான் கீழே இருந்தால் மேலே எண்ணைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

நரேல் பின்கட்டில் சுழல் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வாயில் இரண்டு கிளிப்பு.

"நரேல், ஒரு பத்து நிமிஷம் வர்றியா?"

"உன் பத்து நிமிஷம் எனக்குத் தெரியும். போன பத்து நிமிஷத்துல என் ஐஸ்கிரீம் சூப் ஆச்சு."

"உன் தங்கச்சிகிட்ட வீடியோல பேசினா அவ மூஞ்சி கட்டம் கட்டமா வருதுன்னு சொன்னியே. அதைச் சரி பண்ணத்தான் போறேன்."

அவள் வாயிலிருந்து கிளிப்புகளை எடுத்தாள். "எனக்காகவா?"

"உனக்காகத்தான்."

"மூணு மணிக்கு உனக்கு ஆட்டம் இல்லையா?"

"அது... அதுவும் இருக்கு."

நரேல் இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறாள். நாற்பத்தெட்டுப் பிள்ளைகள். பின்னால் திரும்பிப் பார்க்கவே மாட்டாள். கண்ணாடியில் ஒரு பார்வை, ஒரு சொல். பஸ் முழுக்க அடங்கிவிடும். அந்தப் பார்வையால் என்னை ஒரு நொடி பார்த்தாள். பிறகு, எனக்கு ஆச்சரியமாக, சிரித்தாள்.

"வீட்டுக்கு அடியிலயா போறே? நீயா? ரெண்டு வருஷமா சொல்றேன், அங்கே குளியலறைக் குழாய் சொட்டுது, பெயின்ட் டப்பா குவிஞ்சு கிடக்கு, கரையான் பார்க்கிறவர் உள்ளேயே போக முடியலைன்னு திரும்பிப் போயிட்டார்னு. இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சுதா?"

"அதெல்லாம் நாளைக்கு. இன்னிக்கு நெட்வொர்க்."

"சரி, நாளைக்கு," என்றாள். ரொம்பச் சுலபமாக.

பின்னறையில் அவளை உட்கார வைத்தேன். உள்ளே நுழைந்ததும் கையால் விசிறிக்கொண்டாள்.

"என்ன இது, அடுப்புக்குள்ள வந்த மாதிரி இருக்கு!"

அது நான் பகலில் தூங்கும் அறையும்கூட. கோடை வந்தால் காலை ஐந்துக்கே வெயில். எங்களைப் போன்ற இரவுக்காரர்கள் எல்லாருமே ஜன்னலுக்குச் சமையல் அலுமினியத் தாள் ஒட்டுவோம். நான் கொஞ்சம் அதிகம் செய்தேன். பலகைச் சுவரின் இடுக்குகளில் நடைவிளக்கும் வெயிலும் ஊசி ஊசியாக வரும். அதனால் ஜன்னலோடு சுவர், கதவு எல்லாவற்றுக்கும் தாள் ஒட்டிவிட்டேன். நான்கு சுருள் பிடித்தது. அதற்குப் பிறகுதான் ஒழுங்காகத் தூங்குகிறேன்.

"இங்கே உட்காரு. வலது மூலைல ஒரு நம்பர் தெரியுதா? நான் கீழே பெட்டியை நகர்த்தி நகர்த்திக் கேட்பேன். நீ அந்த நம்பரைக் கத்தணும். வேறெதையும் தொடாதே."

"தொடலை."

"இந்த ஹெட்செட்ல சேஃபா, டங்கன்னு ரெண்டு பேர் பேசுவாங்க. பதில் சொல்லாதே."

"ஏன், கடிப்பாங்களா?"

"மூணு மணி ஆகப் பத்து நிமிஷம் இருக்கிறப்போ என்னைக் கூப்பிடு."

கைப்பேசியை மேலேயே வைத்துவிட்டேன். அதுவும் கொஞ்சம் சிக்னலைத் தின்னும் அல்லவா? வைஃபையில் மிச்சம் பிடிக்கிறேன் என்று கடிகாரத்தையும் கழற்றி வைத்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அது வெறும் முள் கடிகாரம்.

வீட்டுக்கு அடியில் உயரம் இரண்டு அடி. மல்லாந்து படுத்து, முழங்கையால் உந்தி, ஒரு கையில் டார்ச், ஒரு கையில் பெட்டி, பின்னால் வாலாக மின்கம்பி. உள்ளே புழுதி, சிலந்தி, மூன்று தேரைகள். மூலையில் ஒரு கம்பளப் பாம்பு குடியிருக்கிறது. விஷம் கிடையாது. எலி தின்னும். என்னைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

முதல் காலில் பெட்டியைக் கட்டினேன்.

"எவ்வளவு?"

"இருநூத்தி நாப்பது!" பலகைக்கு மேலேயிருந்து நரேல்.

இரண்டாவது கால். "இப்போ?"

"இருநூத்தி நாப்பது!"

மூன்றாவது காலில் கட்டிக்கொண்டிருந்தபோது மேலே சர்ரென்று ஏதோ நீளமாகக் கிழிபடும் சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு ஜன்னல் தூக்கும் சத்தம்.

"என்ன பண்றே?"

"புழுக்கம்! செத்துடுவேன் போலிருக்கு!"

"நம்பர்?"

நரேல் யாரிடமோ ஏதோ கேட்டாள். "எந்த பட்டன்?" என்ற மாதிரி காதில் விழுந்தது.

"நரேல்! நம்பர்!"

"இரு, இரு! இருநூத்தி... இருநூத்தி அறுபது!"

ஏறியிருக்கிறதே! பெட்டியை அவிழ்த்து நான்காவது காலுக்குப் போனேன். ஐந்தாவது. ஆறாவது. ஒன்றிலும் இறங்கவில்லை. மேலே நாற்காலி மட்டும் கிறீச் கிறீச்சென்று ஆடியது.

"ரஸ்ஸல்!" நரேல் தரையைக் காலால் தட்டினாள். "குளியலறைப் பக்கம் போய்ப் பாரு!"

"அங்கே எதுக்கு? அது எதிர்ப்பக்கம்."

"போய்த்தான் பாரேன். பார்த்தா குறைஞ்சா போயிடுவே?"

போனேன். குளியலறைக்கு அடியில் மண் சேறாக இருந்தது. குழாய் மூட்டிலிருந்து சொட்டு சொட்டாகத் தண்ணீர். முதல் சொட்டு என் மூக்கில் விழுந்தது. குழாயைப் பிடித்துக்கொண்டு புரண்டேன்.

"நூத்தி எண்பது!" மேலேயிருந்து கூச்சல். "ரஸ்ஸல், நூத்தி எண்பது! என்ன தொட்டே?"

"குழாயை!"

"அப்போ குழாய்தான்!"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. தண்ணீர் ரேடியோ அலையை உறிஞ்சும் என்று எங்கோ படித்திருந்தேன். அரைகுறைப் படிப்பில் இது ஒரு சௌகரியம். யார் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு காரணம் தயாராக இருக்கும். ஆறு வாரமாக என் சிக்னலை இந்தச் சேறு குடித்துக்கொண்டிருக்கிறது!

"ஸ்பானர் வேணும்!"

"படிக்கட்டுக்குப் பக்கத்துல இருக்கு! புது வாஷரும் அங்கேயே இருக்கு!"

இருந்தது. ஸ்பானர், வாஷர், துடைக்க ஒரு பழந்துணி, வரிசையாக. ஏன் இருந்தது என்று நான் யோசிக்கவில்லை. மூட்டைக் கழற்றி வாஷரை மாற்றி இறுக்கினேன். கை வழுக்கி இரண்டு விரல் முட்டி தேய்ந்தது. ஒரு சொட்டு இல்லை இப்போது.

"எவ்வளவு?"

"நூத்தி அம்பது!"

இறங்குகிறது! படுத்தபடியே கையை முறுக்கிக் காற்றில் குத்தினேன். மேல் பலகையில் முட்டி பட்டது.

"மணி என்ன?"

"நேரம் இருக்கு, நேரம் இருக்கு! அந்த டப்பாவையெல்லாம் பாரு. தகரம் ஆச்சே!"

தகரம்! அலை தகரத்தில் பட்டால் திரும்பிவிடும். இதுவும் நான் படித்ததுதான். முப்பத்தொரு பெயின்ட் டப்பாக்கள். ஒவ்வொன்றாக உருட்டி வெளியே தள்ளினேன். ஐந்து டப்பாவுக்கு ஒரு தடவை கேட்பேன். நூற்று நாற்பது. நூற்று முப்பத்தைந்து. ஒரு தடவை நூற்று எழுபது என்றாள். மூலையில் இரண்டு டப்பாவை விட்டுவிட்டது தெரிந்தது. போய் எடுத்தேன். நூற்று முப்பது.

இதற்கிடையில் மேலே வினோதமான சத்தங்கள்.

"உட்காரு! முதல்ல நீ உட்காரு!"

"யாரைச் சொல்றே?" என்று கத்தினேன்.

"பூனையை!"

"நமக்குப் பூனை கிடையாதே!"

"பக்கத்து வீட்டுது!"

கொஞ்ச நேரம் கழித்து: "தள்ளாதே! வரிசையா! ஒருத்தர் சுட்டு முடிச்சதும் அடுத்தவர்!"

பூனைக்கு எதற்கு வரிசை என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் அவள் தரையைத் தட்டிவிட்டாள்.

"ரஸ்ஸல்! இந்த நாற்காலிக்கு அடியில பலகை ஆடுது! ஆடினா நம்பரும் ஆடுது!"

ஆணியும் சுத்தியலும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்தன. கட்டை ஒன்றும் அளவாக அறுத்து வைத்திருந்தது. பலகைக்கு முட்டுக் கொடுத்து அடித்தேன். ஆடுவது நின்றது. "நூத்தி இருபது!" அடுத்து, கரையான் மேலே ஏறாமல் தடுக்கக் கால்களின் தலையில் வைத்திருக்கும் தகடுகளைத் துடைக்கச் சொன்னாள், அவையும் தகரம்தானே. இருபத்து நான்கு தகடு. நூற்றுப் பத்து. பிறகு சமையலறைக்கு அடியில் ஒரு குளவிக்கூடு. அது காகிதம், சிக்னலை ஒன்றும் செய்யாது என்று வாதாடினேன்.

"நூத்தி அஞ்சுல நிக்குது, ரஸ்ஸல். உன் இஷ்டம்."

இன்னும் ஆறே ஆறு. கூடு காலியாகத்தான் இருந்தது, ஒரே ஒரு குளவியைத் தவிர. அது என் காதில் கொட்டியது.

அப்போதுதான் அந்தச் சிரிப்பு கேட்டது. மூச்சு முட்டி, நடுவில் கீச்சென்று உடைந்து, மறுபடி தொடரும் ஒரு சிரிப்பு. தொலைக்காட்சியில் யாரோ என்று நினைத்தேன். பிறகுதான், இந்தச் சிரிப்பை நான் முன்பு கேட்டிருக்கிறேன் என்று ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்குப் பகல் வேலை.

புழுதியில் கொஞ்ச நேரம் சும்மா படுத்துக் கேட்டேன். பாம்பும் கேட்டது.

அதற்குப் பிறகு ஒரு பெரிய கூச்சல். மேலே இரண்டு கால்கள் குதித்தன. நான் முட்டுக் கொடுத்த பலகை அசையவே இல்லை.

"நரேல்! எவ்வளவு?"

"நீ வெளியே வரலாம், ரஸ்ஸல்!"

தவழ்ந்து வெளியே வந்தேன். முப்பத்தொரு டப்பாவின் நிழலும் நீளமாகச் சாய்ந்து கிடந்தது. இரவு வேலைக்காரனுக்கு மணி தெரியாது, நிழல் தெரியும். இது மூன்று மணி நிழல் இல்லை. படியேறி ஓடினேன்.

பின்னறையில் வெளிச்சம். ஜன்னல் திறந்திருந்தது. கதவிலும் நடைப்பக்கச் சுவரிலும் ஒட்டியிருந்த அலுமினியத் தாள் முழுவதும் கிழிக்கப்பட்டு, கட்டிலின் மேல் ஒரு பெரிய பளபளப்பான பந்தாகக் கிடந்தது. நாற்காலியில் நரேல், பஸ் ஓட்டும் அதே நிமிர்வோடு, ஹெட்செட் மாட்டிக்கொண்டு. திரையில் இன்வர்கார்கில் கப்பலின் பாய்மரம் மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தது. அதுவும் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே பெரிய எழுத்தில்: வெற்றி. கேப்டன்: ரஸ்ஸல்.

நான் வலது மூலையைப் பார்த்தேன். பத்தொன்பது.

"எப்போ ஆச்சு இது?"

"ரெண்டு மணி பத்துக்கு. வெக்கை தாங்கலைன்னு அந்தத் தாளைக் கிழிச்சேன். கிழிச்ச உடனே சடார்னு இறங்கிச்சு. உன் சேஃபாதான் சொன்னாரு, சிக்னல் வர்ற சுவருக்கு எவனாவது அலுமினியம் ஒட்டுவானான்னு."

"நூத்தி எண்பது? நூத்தி அம்பது?"

"பொய்."

"பொய்யா!"

"குழாய் சொட்டிச்சா இல்லையா? அது நிஜம்தானே?" அவள் குரலில் கோபம்கூட இல்லை, பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னாள். "ரெண்டு வருஷமா நீ 'நாளைக்கு'ன்னே. அது என்ன, நிஜமா? திங்கக்கிழமை கரையான்காரர் மறுபடி வர்றார். எனக்கு வேற வழி இல்லை. காதுல என்ன?"

"குளவி."

"ஐயோ. வினிகர் தடவு."

ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, பேச்சை ஒலிபெருக்கிக்கு மாற்றினாள். நான் குனிந்தேன்.

"சேஃபா! டங்கன்! நீங்க ஏன்டா சொல்லலை?"

"விதி, மச்சான்," என்றான் சேஃபா. "சின்ன நம்பர் யாருதோ அவங்களுக்குச் சுக்கான். நாற்காலில யாரு இருந்தாங்களோ அவங்க நம்பர் பத்தொன்பது. என்னுது முப்பத்தொண்ணு. டங்கன் அறுபது, அவன்தான் இன்னிக்கு வாளி. விதியைப் போட்டது யாரு?"

"அவளுக்கு ஆடவே தெரியாதே!"

"மூணு வருஷமா பக்கத்து ரூம்ல கேட்டுட்டு இருக்கேன்," என்றாள் நரேல். "இடது, வலது, சுடு, ஐயோ, போச்சு. இதுல என்ன இருக்கு? கப்பலும் பஸ் மாதிரிதான். நீளமா இருக்கிறதை மூலை வந்த அப்புறம் திருப்பக்கூடாது. மூலை வர்றதுக்கு முன்னாடியே திருப்பணும். நீங்க மூணு பேரும் ஸ்கூட்டர் ஓட்டுற மாதிரி ஓட்டுறீங்க."

"கேப்டன் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான் டங்கன். ஒரு காலத்தில் என் பக்கத்தில் நின்று ரொட்டி அறுத்தவன்.

"பூனை?"

"நான்தான்," என்றான் டங்கன். "சும்மா சும்மா பீரங்கி மேலே ஏறினேன். உட்காருன்னாங்க. உட்கார்ந்துட்டேன்."

திரையில் இன்வர்கார்கில்காரர்களிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'அபாரமா ஆடினீங்க, ரஸ்ஸல்.' நரேல் ஒற்றை விரலால் தேடித் தேடி 'நன்றி' என்று தட்டினாள். என் பெயரில்.

"பெனி?" என்று கேட்டேன். அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

"வர வேண்டாம்னு சொல்லிட்டேன்," என்றான் சேஃபா. "ரஸ்ஸலோட இடம் ரஸ்ஸலுக்குத்தான். அதுல யாரும் கை வைக்க முடியாது."

என் காது விண்விண்ணென்றது. நரேல் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

"இந்தா. அடுத்த சனிக்கிழமை நீயே உட்காரு. நம்பர்தான் சரியாயிடுச்சே. எனக்கென்ன இதுல."

"வேண்டாம்!" என்றன ஒலிபெருக்கியில் இரண்டு குரல்கள், டவுன்ஸ்வில்லிலிருந்தும் டார்வினிலிருந்தும், ஒரே நொடியில்.

ஓர் எழுத்துகூடத் தெறிக்கவில்லை. இணைப்பு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

நரேல் என்னைப் பார்த்தாள். நான் நாற்காலியைப் பார்த்தேன். பிறகு அதை அவள் பக்கமே திருப்பி வைத்தேன். "இன்னொரு ஆட்டம் இருக்காம்," என்றாள், கொஞ்சம் வெட்கத்தோடு. "சும்மா, பழகறதுக்கு. பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷம்தானே. ஆடு."

காதில் வினிகர் தடவிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தேன். கூடையில் பாதித் துணி ஈரமாக அப்படியே இருந்தது. கிளிப்புகளைப் பொறுக்கி வாயில் கவ்விக்கொண்டு ஒரு சட்டையை உதறினேன். தோள்பட்டையில் பிடித்து மாட்டினேன்.

"தலைகீழா மாட்டு, ரஸ்ஸல்!" ஜன்னல் வழியாகக் கேப்டனின் குரல் வந்தது. "தோள்ல கிளிப்புத் தடம் விழும்!"

அவிழ்த்து, தலைகீழாக மாட்டினேன்.